வெறுமையாகக் கிடக்கும் மூன்று கோடுகள்

வாசகர் கேள்வி – பதில்

பல தலைமுறைகளாக மேடையேறாமல் போன பழைய பாலேக்களை இன்றைய பார்வையாளர்களுக்காக மீட்டெடுக்கும் முயற்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எந்தக் குழுவைப் பார்த்தாலும் ‘ஸ்வான் லேக்’, ‘நட்கிராக்கர்’, ‘ஜிஸெல்’ என்று ஒரு சிலவற்றையே ஆடுகிறார்கள். மற்றவை தரத்தில் குறைந்தவை என்பதால்தானே காலம் அவற்றைக் கழித்துவிட்டது? கழித்ததை ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும்?
– தமிழாசிரியர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: சில பாலேக்கள் தரக்குறைவால் மறைந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதையே பொதுக் காரணமாகச் சொல்லும்போது வரலாறு நம் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. மார்செய் நகரில் 1818-இல் பிறந்து, 1847-இல் பீட்டர்ஸ்பர்க் சென்று, ரஷ்யப் பேரரசின் நடன அரங்கை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உருவாக்கிய மாரியஸ் பெத்திபாவுக்கு நடன அமைப்பாளர் என்ற பெயரை முதன்முதலில் நிலைநாட்டிக் கொடுத்தது 1862-இல் அவர் அமைத்த ‘ஃபாரோவின் மகள்’. பல பத்தாண்டுகள் மக்கள் விரும்பிப் பார்த்த அந்தப் படைப்பு 1928-க்குப் பிறகு மேடையை விட்டே போய்விட்டது. புரட்சிக்குப் பின் வந்த காலத்துக்கு ஒட்டகங்களும் அரசவை ஊர்வலங்களும் பொருந்தவில்லை. அவ்வளவு பெரிய அரங்க அமைப்புக்குப் பணமும் இல்லை.

இதைவிடக் கொடிய காரணங்களும் உண்டு. ஷோஸ்டகோவிச் இசையமைத்து, ஃபியோதோர் லொபுகோவ் 1935-இல் மேடையேற்றிய ‘ஒளிரும் ஓடை’ மக்களிடம் நல்ல வரவேற்பைப் பெற்றிருந்தது. 1936 பிப்ரவரியில் ‘பிராவ்தா’ நாளிதழ் அதைக் கண்டித்து எழுதியது. அத்துடன் அது மேடையிலிருந்து அகற்றப்பட்டது. கதையை எழுதியவர்களில் ஒருவரான அத்ரியான் பியத்ரோவ்ஸ்கி 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இசைக்கு 2003-இல் போல்ஷோய் அரங்கில் அலெக்ஸி ரத்மன்ஸ்கி புதிதாக நடனம் அமைத்தபோது, லொபுகோவின் அடவுகளில் எதுவும் எடுத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. இங்கே கழித்தது காலமன்று, ஓர் அரசு. அப்படி அழிக்கப்பட்டவற்றை மீண்டும் பார்க்க விரும்புவதற்கு இதற்கு மேல் ஒரு காரணம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஒளிப்பதிவே இல்லாத காலத்து நடனத்தை, அதுவும் நூறு ஆண்டுகளுக்குப் பின், எப்படி அடவுக்கு அடவு மீட்கிறார்கள்? அவர்கள் காட்டுவது உண்மைதான் என்று எப்படி நம்புவது?
– இசைக் கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இந்தக் கேள்வியைத்தான் நானும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பீட்டர்ஸ்பர்க் அரங்கில் நடனக் கலைஞராக இருந்த விளாதிமிர் ஸ்தெபானோவ் என்பவர் இசைக்குறிப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு நடனக் குறியீட்டு முறையை உருவாக்கி, 1892-இல் பாரிஸில் நூலாக வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், இளம் வயதிலேயே, அவர் இறந்துபோனார். அவருக்குப் பின் அலெக்சாந்தர் கோர்ஸ்கியும், அவரையடுத்து நிக்கொலாய் செர்கேயெவும் அப்பணியைத் தொடர்ந்ததால், அந்த அரங்கில் அன்று ஆடப்பட்டுக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்ட பாலேக்கள் முழுமையாகவோ பகுதியாகவோ தாளில் ஏறின.

செர்கேயெவ் 1918-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறியபோது அந்தத் தாள்களைத் தம்முடன் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் நினெட் டி வால்வா வளர்த்துக்கொண்டிருந்த இளம் குழு 1930-களில் ‘ஜிஸெல்’, ‘ஸ்வான் லேக்’, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ ஆகியவற்றைக் கற்றுக்கொண்டது இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அவர் சொல்லிக்கொடுத்துத்தான். அதாவது, இன்றைய ராயல் பாலே குழுவின் அடித்தளமே ஒருவர் பெட்டியில் சுமந்துவந்த காகிதக் கட்டு. அவர் மறைந்த பின் கைமாறிய அத்தொகுப்பை 1969-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது.

அந்தத் தாள்களில் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் நம்பிக்கையும் தயக்கமும் ஒருசேர எழும். ஒவ்வொரு வரிசையிலும் ஒன்பது கோடுகள்: தலைக்கும் உடற்பகுதிக்கும் மேலே இரண்டு, கைகளுக்கு நடுவில் மூன்று, கால்களுக்குக் கீழே நான்கு. கால்களுக்குரிய நான்கு கோடுகளில் குறிகள் நெருங்கிக் கிடக்கின்றன. எந்த அசைவு எந்தத் தாளக்கணக்கில் விழுகிறது என்பதும் தெரிகிறது. யார் எங்கே நின்று எந்த வழியாக நகர்ந்தார்கள் என்பதற்குத் தரைப்படம் இருக்கிறது. அபிநயப் பகுதிகளில் குறிகளுக்குப் பதிலாகப் பாத்திரங்களின் பேச்சே ரஷ்ய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கைகளுக்குரிய மூன்று கோடுகள் பல பக்கங்களில் வெறுமையாகக் கிடக்கின்றன. ஒத்திகையின் ஓரத்தில் அமர்ந்து வேகவேகமாக எழுதியவருக்கு, அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்த கைநிலைகளை எழுத நேரமும் இல்லை, தேவையும் தெரிந்திருக்காது.

அந்த வெற்றிடத்தை இன்றைய அமைப்பாளர் எதைக்கொண்டு நிரப்புகிறார் என்பதில்தான் நம்பிக்கைக்குரியவர் யார் என்பது தெரியவரும். அக்கால ஒளிப்படங்கள், உடை வரைபடங்கள், நாளிதழ் விமரிசனங்கள், நடனக் கலைஞர்களின் நினைவுக் குறிப்புகள், ஒத்திகைக்கென்று இரண்டு வயலின்களுக்காக எழுதப்பட்டு அடிக்குறிப்புகளோடு நூலகத்தில் தங்கிவிட்ட இசைப் படிகள் ஆகிய எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் அவர் ஒரு முடிவுக்கு வருகிறார். ரத்மன்ஸ்கியும் அவருடைய மனைவி தத்யானாவும் இந்தக் குறியீட்டைத் தாமே கற்றுக்கொண்டார்கள். 2014-இல் மியூனிக்கில் ‘பகித்தா’வை மீட்டபோது, இக்குறியீட்டில் ஆழ்ந்த பயிற்சியுள்ள அமெரிக்க அறிஞர் டக் ஃபுல்லிங்டனோடு சேர்ந்து பணியாற்றினார் ரத்மன்ஸ்கி. எது தாளில் உள்ளது, எது தம்முடைய ஊகம் என்று பிரித்துச் சொல்லும் அமைப்பாளரை நான் நம்புகிறேன். ‘அசல்’ என்று மட்டும் விளம்பரத்தில் போட்டுவிட்டு இந்த வேறுபாட்டைச் சொல்லாதவரை, அவர் எவ்வளவு அழகாக அமைத்திருந்தாலும், அந்த ஒரு சொல்லுக்காக நம்ப மாட்டேன்.

கேள்வி: மீட்டெடுத்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை இணையத்தில் துண்டு துண்டாகப் பார்த்தேன். நடனப் பெண்கள் காலை இடுப்பளவுக்கு மேல் தூக்குவதே இல்லை. இன்றைய கலைஞர்களால் முடிந்ததை வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவது பின்னோக்கிப் போவதாகாதா?
– வங்கி ஊழியர், கோவை

பதில்: உங்களுக்குத் தோன்றிய இதே ஐயம் அந்த அரங்கிலேயே வாழ்ந்தவர்களுக்கும் தோன்றியது. 1999-இல் செர்கேய் விகரேவ், 1890-ஆம் ஆண்டு ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை ஸ்தெபானோவ் குறிப்புகளின் துணையோடு பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் மீட்டபோது, குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1952-இல் கான்ஸ்தந்தீன் செர்கேயெவ் அமைத்த வடிவத்தில் (தாள்களைச் சுமந்துசென்ற நிக்கொலாய் வேறு, இவர் வேறு) பல தலைமுறைக் கலைஞர்கள் வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அதுவே மரபு. பேரரசு அரங்குகளின் இயக்குநராக இருந்த இவான் விசெவோலோஷ்ஸ்கி வரைந்த உடைகளை அப்படியே தைத்து, இடைவேளைகளோடு சுமார் நான்கு மணி நேரம் நீண்ட அந்தக் காட்சியைப் பார்த்துச் சிலர் அருங்காட்சியகம் என்றார்கள், சிலர் கண்ணீர் விட்டார்கள். பின்னர் அந்த அரங்கு பழைய 1952 வடிவத்தையும் விடாமல் ஆடிவந்தது.

கால் உயரத்துக்கு வருகிறேன். 2015-இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக ரத்மன்ஸ்கி இதே பாலேயை மீட்டபோது, நீட்டிய கால் இடுப்பளவைத் தாண்டக்கூடாது என்பதையும், சுழலும்போது மடித்த காலின் பாதம் முழங்காலுக்கு ஏறாமல் கெண்டைக்காலருகே நிற்க வேண்டும் என்பதையும், தொடர்ச் சுழற்சிகளை விரல் நுனியில் ஏறாமல் அரைப்பாதத்தில் செய்ய வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார். இவற்றைக் குறை என்று எண்ணும்முன் இசையைக் கவனித்துக் கேளுங்கள். காலைக் காதருகே கொண்டுபோக வேண்டுமானால் அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்காக இசைக்குழு காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து காத்திருந்துதான் இருபதாம் நூற்றாண்டில் சைக்கோவ்ஸ்கியின் இசை பல இடங்களில் தளர்ந்தது. கால் தாழும்போது அடவுகள் நெருங்குகின்றன, பாதம் தரையோடு பேசுகிறது, இசை தன் வேகத்துக்குத் திரும்புகிறது. முன்னுரைக் காட்சியில் தேவதைகள் ஒவ்வொருவராக வந்து குழந்தைக்குக் குணங்களை வரமளிக்கும் சிறு தனிநடனங்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவே. கால் உயர்ந்த வடிவத்தில் அவை அனைத்தும் ஒரே தேவதையின் திறமைக் காட்சி போலத் தெரியும். இந்த வேகத்தில்தான் ஒருத்தி துடுக்கானவள், ஒருத்தி தாராளமானவள் என்று தனித்தனியாகத் தெரிகிறார்கள்.

கலைஞர்களுக்கு இது எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பத்து வயதிலிருந்து உயரத்துக்காகப் பழக்கப்பட்ட உடலைத் தாழ்வுக்குப் பழக்குவது, தெரிந்த மொழியை வேறு ஊர் உச்சரிப்பில் பிசகாமல் பேசுவதற்கு ஒப்பானது. சற்றே கவனம் தவறினால் பழைய உச்சரிப்பு வந்துவிடும். சில பதிவுகளில் அது வந்துவிடுவதையும் காண்கிறேன். அதற்காக அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

கேள்வி: பழைய பாலேக்களில் நடனத்தை நிறுத்திவிட்டுக் கையசைத்துக் கொண்டிருக்கிறார்களே, அந்த அபிநயப் பகுதிகளை வெட்டிவிட்டால் இன்றைய பார்வையாளர்களுக்குச் சலிப்பு குறையாதா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வெட்டித்தான் பார்த்தார்கள். சோவியத் காலத்து அமைப்பாளர்கள் அபிநயத்தைப் பழமை என்று கருதி, பேச வேண்டிய இடங்களையெல்லாம் ஆட வைத்தார்கள். ‘ஸ்வான் லேக்’ இரண்டாம் காட்சியில் சாபத்தால் அன்னமாக மாறிய ஓதெத்தை இளவரசன் முதன்முறையாகச் சந்திக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராயல் பாலே நெடுங்காலம் காத்துவந்த பழைய வடிவத்தில் அவள் தன் கதையைத் தானே சொல்கிறாள். அதோ அந்த ஏரி என்று கை நீட்டுகிறாள். மார்பில் கைகளைக் குறுக்காக வைத்துத் தாயைக் குறிக்கிறாள். பிறகு விரல்கள் கண்களிலிருந்து கன்னங்களின் வழியாக மெல்ல இறங்குகின்றன. அந்த ஏரி அவளுடைய தாயின் கண்ணீரால் நிறைந்தது. தொடர்ந்து, தன்னை ஒருவன் மணந்து, வேறெவரையும் நாடாமல் இருப்பதாக ஆணையிட்டால்தான் விடுதலை என்கிறாள். ஆணையிடுவதற்கு அடையாளம் வானை நோக்கி உயர்த்திய இரண்டு விரல்கள்.

அடுத்த காட்சியில் ஓதெத்தைப் போலவே தோற்றம் கொண்ட இன்னொருத்தியிடம் மயங்கிய இளவரசன் அதே இரண்டு விரல்களை உயர்த்துகிறான். இரண்டாம் காட்சியில் அந்த விரல்களைப் பார்த்திருந்தவருக்கு, இசை இடிப்பதற்கு முன்பே நெஞ்சு இடிக்கும். பாராதவருக்கு அது ஏதோ ஒரு கைவீச்சு. அபிநயத்தை வெட்டியவர்கள் சலிப்பை மட்டும் வெட்டவில்லை, கதையின் நரம்பையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். பரதத்தில் அபிநயம் பார்த்துப் பழகிய நம் வாசகர்கள் இதில் பிறரைவிட முன்னால் இருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். சொற்கள் பத்துப் பன்னிரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

கேள்வி: இந்தியாவில் நடப்பதாகச் சொல்லப்படும் ‘லா பயதேர்’ பாலேயில் கோயில் நடனப் பெண்ணையும் பூசாரியையும் பக்கிரிகளையும் காட்டும் விதம் எனக்கு மனவேதனை தருகிறது. இதையும் மீட்டெடுக்கத்தான் வேண்டுமா?
– பரதநாட்டிய ஆசிரியை, சென்னை

பதில்: உங்கள் வேதனையில் எனக்கும் பங்குண்டு, அதே சமயம் இந்தப் பாலேயை என்னால் உதற முடியவில்லை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

‘பயதேர்’ என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியில் நடனமாடுபவளைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. பாரிஸ் ஓபரா மேடை 1830-லேயே, மரீ தக்லியோனி ஆட, ஒரு பயதேரைக் கற்பனை செய்து கொண்டாடிவிட்டது. எட்டாண்டுகள் கழித்து, 1838-இல், புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசிகளும் இசைக் கலைஞர்களும் உண்மையாகவே பாரிஸுக்கு வந்து ஆடினார்கள். பின்னாளில் ‘ஜிஸெல்’ கதையை எழுதப்போகிற தெயோஃபில் கோத்தியே அவர்களைப் பற்றி வியந்து எழுதினார். அவர்களுள் அம்மணி என்ற கலைஞரை ஓகுஸ்த் பார் வெண்கலச் சிற்பமாக வடித்தார். நம் ஊர்ப் பெண்கள் அவ்வளவு தொலைவு கடல் கடந்து சென்று தங்கள் கலையைக் காட்டியும், ஐரோப்பிய மேடை அவர்களிடமிருந்து ஓர் அடவைக்கூட முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது. 1877-இல் பெத்திபா ‘லா பயதேரை’ அமைத்தபோது அதன் நாயகியான கோயில் நடனப் பெண் நிக்கியா ஆடியது தூய பிரெஞ்சு-இத்தாலிய பாலே. அதற்கு வியன்னாவைச் சேர்ந்த லுத்விக் மின்குஸ் எழுதியது வால்ட்ஸ் நடையில் ஓடும் இசை.

ஆனால் அதே பாலேயில் ‘நிழல்களின் உலகம்’ இருக்கிறது. பூக்கூடையில் ஒளித்துவைத்த பாம்பு தீண்டி நிக்கியா இறந்தபின், அவளைக் கைவிட்ட சோலோர் அபின் மயக்கத்தில் காணும் காட்சி அது. வெள்ளையுடையில் ஒருத்தி சரிவான மேடையில் தோன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி முன்சாய்ந்து, நிமிர்ந்து, இரண்டடி நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி அதையே செய்கிறாள். பிறகு இன்னொருத்தி. 1900-ஆம் ஆண்டு மறு அரங்கேற்றத்தில் பெத்திபா இந்த நிழல்களின் எண்ணிக்கையை 32-லிருந்து 48 ஆக உயர்த்தி, இமயத்தின் இருண்ட பாறைகளுக்கிடையே அவர்களை இறக்கினார். இறந்த ஒருத்தியின் நினைவு எப்படித் திரும்பத் திரும்ப வந்து மனத்தை நிறைக்கும் என்பதை இதைவிட நேராகக் காட்டிய மேடைக் காட்சி எனக்குத் தெரியாது.

ஆகவே மீட்பதா வேண்டாமா என்று கேட்பதைவிட, எதை மீட்பது என்று கேட்கவே விரும்புகிறேன். சோவியத் காலத்தில் கைவிடப்பட்ட இறுதிக் காட்சியில் தேவர்களின் சினத்தால் கோயில் இடிந்து அனைவரையும் புதைக்கும். அதை நதாலியா மகரோவா 1980-இல் தம் வடிவத்தில் வேறு இசையோடு திரும்பச் சேர்த்தார். பின்னர் விகரேவ் மரீன்ஸ்கியிலும் ரத்மன்ஸ்கி 2018-இல் பெர்லினிலும் 1900-ஆம் ஆண்டுக் குறிப்புகளைக்கொண்டு மீட்டார்கள். அந்தக் காட்சி இல்லாவிட்டால் நிக்கியாவுக்கு நீதியே கிடைப்பதில்லை. அது திரும்பி வந்தது நல்லது. மாறாக, குழந்தைகளின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆடவிடும் வழக்கத்தை மரபு என்ற பெயரில் தொடர்வதை நான் ஏற்கவில்லை. 2019 டிசம்பரில் அமெரிக்க நடனக் கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் அப்படிப்பட்ட ஒரு படத்தை வெளியிட்டுக் கண்டித்தபோது எழுந்த எதிர்வாதங்கள் எவையும் எனக்கு நிறைவளிக்கவில்லை. சாயம் பெத்திபாவின் நடனமன்று. அது போனால் ஓர் அடவும் குறையாது.

வேறு இரண்டு வழிகளையும் குறிப்பிட வேண்டும். 2024-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஃபில் சானும், முன்பு குறிப்பிட்ட ஃபுல்லிங்டனும் பழைய குறிப்புகளிலுள்ள அடவுகளை வைத்துக்கொண்டு, கதையை மட்டும் 1930-களின் ஹாலிவுட்டுக்கு மாற்றினார்கள். சென்னையில் பிறந்து லண்டனில் வாழும் நடன அமைப்பாளர் ஷோபனா ஜெயசிங், 2015-இல் தம்முடைய ‘பயதேர்’ படைப்பில், அன்று அந்த இந்தியக் கலைஞர்களை ஐரோப்பா பார்த்த பார்வையையே பேசுபொருளாக்கினார். உங்கள் மாணவியருக்கு ‘லா பயதேரை’ அறிமுகப்படுத்துவதாக இருந்தால், அம்மணியின் சிற்பத்தை முதலில் காட்டிவிட்டு, அதன்பின் நிழல்களின் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: குறிப்பே இல்லாத நடனத்தை மீட்க முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஓரளவுக்கு முடியும். ரஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேற்றிய ‘வசந்தத்தின் சடங்கு’ சில காட்சிகளோடு நின்றுபோனது; 1920-இல் அதைத் திரும்ப மேடையேற்ற நினைத்தபோதே யாருக்கும் அடவுகள் நினைவில்லாததால் மஸ்ஸீன் என்ற வேறொரு நடன அமைப்பாளர் புதிதாக அமைக்க நேர்ந்தது. மிலிசென்ட் ஹாட்சனும் கென்னத் ஆர்ச்சரும் பல ஆண்டுகள் தேடி, ஒத்திகைகளில் உதவியாக இருந்த மரீ ராம்பேர் பியானோ இசைத்தாளில் எழுதிவைத்த குறிப்புகள், வாலந்தீன் குரோஸ் வரைந்த கோட்டோவியங்கள், எஞ்சியிருந்த உடைகள் ஆகியவற்றைக்கொண்டு 1987-இல் ஜாஃப்ரி பாலே குழுவுக்காக அதை மீட்டார்கள். இடைவெளிகளில் அவர்கள் இட்டது அவர்களுடைய கற்பனைதான் என்றாலும், உள்நோக்கித் திரும்பிய பாதங்களும் வளைந்த கழுத்துமாக அந்தப் பெண்கள் நடுங்கி நிற்பதைப் பார்க்கும்போது அந்த உழைப்பை வணங்கத் தோன்றுகிறது. இதற்கு மாறாக, ‘ஃபாரோவின் மகளு’க்குக் குறிப்புகள் இருந்தும், பியேர் லகோத் 2000-இல் போல்ஷோயில் அமைத்ததில் பெரும்பகுதி அவருடைய சொந்த அமைப்பே. கண்ணுக்கு விருந்தான காட்சி. அதைப் பெத்திபாவின் பெயரில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் எதைப் பார்க்கலாம்?
– இல்லத்தரசி, சிங்கப்பூர்

பதில்: ஃபிரெடரிக் ஆஷ்டனின் ‘சில்வியா’வைப் பாருங்கள். லியோ தெலிப் 1876-இல் எழுதிய இசைக்கு, 1952-இல் மார்கோ ஃபான்டெய்னுக்காக ஆஷ்டன் அமைத்தது. 1967-இல் ஒரே அங்கமாகச் சுருக்கப்பட்டு, பிறகு காணாமலே போனதை, ஆஷ்டன் நூற்றாண்டான 2004-இல் கிறிஸ்டபர் நியூட்டன் மூன்று அங்கங்களாக ராயல் பாலேயில் மீட்டார். கதை மெலிதானது, அதற்காகத் தயங்க வேண்டாம். மூன்றாம் அங்கத்தில் வயலின்களை வில்லால் இழைக்காமல் விரலால் சுண்டி வாசிக்கும் ஒரு சிறு பகுதி வரும். முதல் அங்கத்தில் வில்லேந்தி வேட்டையாடி வந்த அதே பெண், அங்கே ஒவ்வொரு சுண்டலுக்கும் ஓர் அடி என்று மேடையின் நடுவில் தனியாக ஆடுகிறாள். அந்தப் பகுதி வரும்போது அடுப்பில் ஏதும் வைத்திருக்காதீர்கள்.